பாவடித் தெரு விசில்காரி

ஒரு சிரிப்பு வருகிறது, நிச்சயமாக வருகிறது, ஆனால் அது கடைசி நிறுத்தத்தில்தான் ஏறும். அதற்குள் எட்டி எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஜன்னலோர சீட் கிடையாது. அந்தச் சிரிப்பு கண்டக்டர் சென்னியப்பனுடையது. அது குள்ளமா நெட்டையா, மூக்கால் வருமா வயிற்றால் வருமா என்று வெள்ளோடைப்பாளையத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணும் ருக்மணிக்கே தெரியாது. கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் டிக்கெட் எடுக்காத ஆள் எவனோ பந்தலில் ஒளிந்திருக்கிறான் என்கிற மாதிரிதான் முறைத்துக்கொண்டிருந்தார். ஏனுங்க இப்படி என்று யாராவது கேட்டால், "சிரிக்கற கண்டக்டர்கிட்ட ஆருங்க டிக்கெட் எடுப்பா" என்று ஒரே பதில் சொல்லிவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் மோனிஷாவின் தொண்டைக்குள் அந்த ஊரே குடியிருந்தது. அடுத்த வீட்டு ஈஸ்வரியக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம், தறிப்பட்டறை முதலாளி குழந்தைவேல் ஃபோனில் கடன்காரனிடம் மட்டும் குழைகிற குரல், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் "சைலன்ஸ்" என்று கத்துவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது, ரேஷன் கடைக் கதவு தரையில் உராய்வது என்று எல்லாவற்றுக்கும் உள்ளே இடம் இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் காலியாகக் கிடந்தது, அதுதான் அப்பாவின் சிரிப்புக்கு ஒதுக்கியது. கேட்காத சத்தத்தை அவளால் செய்ய முடியாது.

இவளுடைய பெரிய குறும்பு குக்கர் விசில். ஈஸ்வரியக்கா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலில் நின்று விசிலை எண்ணுவாள். எண்ணுகிற வாய்க்கும் பேசுகிற வாய்க்கும் சம்பந்தமே இருக்காது, பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே விரல் மட்டும் தானாக மடியும். மோனிஷா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நடுவில் ரெண்டு விசிலைச் சேர்த்துவிடுவாள். ஈஸ்வரியக்கா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள், மத்தியானம் சாம்பாரில் பருப்பு கூழாங்கல் மாதிரி கிடக்கும், "இந்தக் கடைக்காரன் பழைய பருப்பக் குடுத்துட்டான்" என்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடைக்காரன் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் இதே மாதிரி, ஆனால் முதல்முறையாக உள் முணுமுணுப்பு வரைக்கும் அச்சு அசலாக, அவள் விசில் அடித்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஈஸ்வரியக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"நீதான?"

மோனிஷா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"கேஸ் தீந்து போச்சுன்னு பக்கத்து வீட்டுல சிலிண்டர் கேக்கப் போயிருந்தேன். அடுப்பே பத்த வெக்கல. வந்து தொறந்து பாத்தா பருப்பு பஞ்சா வெந்து கெடக்குது."

"அப்பறம் என்னங்க்கா?"

"என்ன என்னங்க்கா? மஞ்சப் பொடி போடவே இல்ல, அதுக்குள்ள ஏன் அடிச்ச? அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

இவ்வளவுதான் பாவடித் தெரு ஆச்சரியப்பட்டது. மறுநாளிலிருந்து வாசலில் குக்கர்கள் வரிசை கட்டின, பருப்புக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஏழு, எலும்புக்கு "நீ நிறுத்தாத கண்ணு, நான் சொல்றேன்". மாடி வீட்டு டீச்சர் மிக்ஸி ஜாரைக் கொடுத்துவிட்டு, தேங்காய்ச் சட்னிக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக இரு என்று கேட்டுக்கொண்டாள், மோனிஷா குரலைக் கொரகொரப்பாக்கிக்கொண்டாள். கரண்ட் போன மத்தியானங்களில் குழந்தைவேல் அவளைப் பட்டறை நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்க, அவள் டக்-சடக், டக்-சடக் என்று ஆரம்பித்ததும் தறிகள் எல்லாம் தூக்கம் கலைந்த மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஊடைநூல் நாடாவை இங்குமங்கும் வீச, வேட்டி வேட்டியாக இறங்கியது, மின்சாரத்தில் நெய்ததைவிடக் கரை நேராக வந்ததாக வியாபாரிகள் சொன்னார்கள். அவள் குழந்தைவேலின் கொட்டாவியைச் செய்தால் குழந்தைவேல் கணக்குப் பார்த்த இடத்திலேயே தூங்கினார், ஈஸ்வரியக்காவின் தும்மலைச் செய்தால் ஈஸ்வரியக்கா தும்மினாள், ஆகவே மனுஷர்களைச் செய்யக் கூடாது, பாத்திரம் பண்டம் மட்டும்தான் என்று மாரியம்மன் கோயில் வாசலில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒரு விவசாயி மழையைக் கேட்டார். மோனிஷா மழையைத் தகரக் கூரையில் மட்டும்தான் காதால் கேட்டு வளர்ந்தவள். அவள் செய்ததும் ஊரிலிருந்த தகரக் கூரைகள் மேல் மட்டும் மழை பெய்தது, ஒரு பட்டறை, ரெண்டு மாட்டுக் கொட்டகை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. விவசாயி கோபித்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய் வயலில் தகரம் அடிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்.

இதையெல்லாம் சென்னியப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வேலை பார்த்தது செல்வநாயகி என்கிற தனியார் பஸ்ஸில். காலையில் வெள்ளோடைப்பாளையத்தில் கிளம்பி நாலுவழிச் சாலை வழியாக மேற்கே மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்புகிற வண்டி. சாப்பாட்டுக்கு வந்தால் வாசலில் குக்கர்களைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது. அவர் முறைத்தார், குக்கர்கள் நகரவில்லை.

அப்போதுதான் மோனிஷா என்ன படிக்கப் போகிறாள் என்கிற பேச்சு வந்தது.

சென்னியப்பன் அதை எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலுவழிச் சாலையோரத்தில், செல்வநாயகி தினமும் தாண்டிப் போகிற பொறியியல் கல்லூரி. வாசலில் செயற்கை நீரூற்று, கண்ணாடிச் சுவர், சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன். பல வருஷமாக அந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு அவர் கை டிக்கெட் கிழித்தபோதெல்லாம் மனசு ஒரு டிக்கெட்டைத் தனியாகக் கிழித்து வைத்துக்கொண்டது.

மோனிஷா வேறு ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். போன தை மாசம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்து, பாவடித் தெருக்காரர்கள் பேசுவதை ரெக்கார்டு பண்ணிக்கொண்டு போனார். ஈஸ்வரியக்காவை "வாழப்பழம்" என்று பத்துத் தடவை சொல்லச் சொல்லிவிட்டு, நாக்கு எங்கே மடிகிறது, உதடு எப்போது குவிகிறது என்று அவர் உன்னிப்பாகப் பார்த்ததை மோனிஷா பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து செய்துவந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கட்டடம் இருக்கிறது, அதைப் படிக்க வைத்து டிகிரி கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. மொழியியல். மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில், ஐந்து வருஷம், அங்கேயே ஹாஸ்டல்.

"மொழியியலா?" என்றார் குழந்தைவேல். "நமக்குத்தான் பேச வருதே, அதை எதுக்குப் போயி அஞ்சு வருசம் படிக்கோணும்?"

"அஞ்சு வருசம் நீ இல்லீன்னா இங்க பருப்பு எப்படி வேகும்?" என்றாள் ஈஸ்வரியக்கா. "பக்கத்துலயே லேடீஸ் காலேஜ் இருக்குது. பி.காம் சேந்துக்க. காலைல எங்களுக்கு விசில் அடிச்சுட்டுப் போனா, மத்தியானம் வந்து பட்டறைக்குத் தறி ஓட்டலாம். வேலையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு."

தெருவே தலையாட்டியது. அவரவர் அடுப்புக்கும் தறிக்கும் எந்தப் படிப்பு வசதியோ அந்தப் படிப்பில் அவரவருக்கு மோனிஷாவின் எதிர்காலம் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் போய் நின்றாள். அவர் கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க நிற்கிறவருக்கு அந்த நேரம் மட்டும்தான் உட்கார்கிற நேரம்.

"மூட்டை கட்டி வெச்சிருக்கற ஆசையெல்லாம் தெரியும்," என்றார் நிமிராமல். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு அம்மிணி. நாளைக்கு எனக்கு வண்டி உண்டா இல்லையாங்கறது நாளைக்குக் காத்தால ஷெட்டுக்குப் போனாத்தான் தெரியும். இத்தன வருசமா அப்படித்தான். முதலாளி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உங்கம்மாவுக்கு அரிசி வாங்கச் சொல்லுவேன். உனக்கு அது வேண்டாம். கம்ப்யூட்டர் படிச்சா மாசம் பொறந்தா சம்பளம். இதப் படிச்சா ஆரு வேலை குடுப்பா, சொல்லு பாக்கலாம்."

ஆயிரம் குரலைப் பிரித்தறிந்த காது அவளுடையது. அப்பா பொய் சொல்லவில்லை. அந்தக் குரலில் எண்ணெய் வாசமும் பயமும்தான் இருந்தன.

"எனக்கு அது புடிச்சிருக்குங்ப்பா."

அவர் மற்றப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "செரி. இந்தத் தெரு உன்ன விட்டா நானும் விடறேன்."

தெரு விடாது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். மோனிஷாவுக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை: ஒரு நாள் அவள் பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது, தாய் மடியிலிருந்த ஒரு கைக்குழந்தை எச்சில் ஒழுக அவளைப் பார்த்து "டக்-சடக்" என்றது, மூலையிலிருந்த தறி ஒரு இழை நெய்தது. அப்படியானால் வரம் அவளுடையது மட்டும் இல்லை. அச்சு அசலாகச் செய்தால் யார் செய்தாலும் நடக்கும். யாரும் செய்யாததற்குக் காரணம் வெட்கம்; வயசுக்கு வந்தவர்கள் குக்கர் மாதிரி சீறுவதற்கு வெட்கப்பட்டார்கள், குழந்தைக்கு அது இல்லை.

இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆனால் பாவடித் தெருவில் ஒரு குணம் உண்டு, அவர்களுக்கு வெட்கம் தோற்கிற இடம் ஒன்றுதான்: அடுத்தவர் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவர்களால் ஆகாது.

மறுநாள் காலையில் மோனிஷா அந்த வைகாசி வெயிலில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்க்கா. பாக்கறேன்," என்று கரகரத்துவிட்டு, ஈஸ்வரியக்காவின் குக்கரைப் பார்த்துக் கூட்ஸ் ரயில் மாதிரி ஊதினாள். குக்கர் திண்ணையில் ஒரு முழம் தூரம் நகர்ந்து நின்றது.

"என்னடி இது, இப்படியா அடிக்கும்? முதல்ல உள்ளுக்குள்ள முணுமுணுங்கும்ல, அப்பறம்…"

மோனிஷா நாய்க்குட்டி மாதிரி முனகினாள். குக்கர் மூடியை ஆட்டியது.

"அட நாயில்ல. பல்லக் கடி. நாக்க மேல ஒட்டு. உஸ்… உஸ்ஸ்… உஸ்ஸ்ஸ்ஸ்…"

பருப்பு வெந்த வாசம் வந்தது. ஈஸ்வரியக்கா வாயை மூடிக்கொண்டாள். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள், குக்கரைத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மறுபடியும் உஸ்ஸ்ஸ்ஸ்; அரிசி.

குழந்தைவேலிடம் அவள் தறியைக் குதிரை மாதிரி ஓட்டினாள், ரெண்டு வேட்டியில் குளம்புத் தடம் விழுந்தது, அவர் பதறிப்போய், "தாயி, தாயி, நிறுத்து, இப்படி நாடா போடு, டக்-சடக், டக்-சடக், கேட்டியா, சடக்குல ஒரு அழுத்தம் வேணும்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டறை பூராவும் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் சட்டென்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டார். மாடி வீட்டு டீச்சருக்கு மிக்ஸியைத் தேனீ மாதிரி செய்ததில் சட்னி கொஞ்சம் தித்தித்துவிட, அவள் ஆசிரியை என்பதால் திருத்தாமல் விடமாட்டாள், உடனே திருத்தினாள். இப்படி வீடு வீடாக ஒவ்வொருவரும் மோனிஷாவைத் திருத்தினார்கள், ஒவ்வொருவரும் திருத்தி முடித்ததும் திடுக்கிட்டார்கள், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இது வந்திருக்கிறது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த மாசம் பாவடித் தெருவின் கதவுகள் பகலில் சாத்தியே கிடந்தன. உள்ளே மானமுள்ள குடும்பஸ்தர்கள் சீறினார்கள், உறுமினார்கள், கடகடத்தார்கள், வெளியே வரும்போது உதட்டைத் துடைத்துக்கொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். மோனிஷா வாசலில் மஃப்ளரோடு தனியாக உட்கார்ந்து, வயிறு குலுங்குவதை முட்டியைக் கட்டிக்கொண்டு அடக்கிக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் மறுபடி கூட்டம் போட்டபோது சென்னியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு தைரியமாக நின்றார்.

"புள்ள போகோணும்ங்கறா. உங்களுக்கெல்லாம் சிரமமாத்தான் இருக்கும். வேண்டாம்னா சொல்லிப் போடுங்க," என்றார்.

"பாவம், போகட்டும்ங்ணா," என்றாள் ஈஸ்வரியக்கா.

"தொண்டைய வேற கெடுத்துக்கிச்சு. நாம என்ன அவ்வளவு சுயநலக்காரங்களா?" என்றார் குழந்தைவேல். அவர் உதடு வெடித்துப்போய் வெண்ணெய் தடவியிருந்தது.

"அப்ப பருப்பு?" என்றார் சென்னியப்பன்.

"அது எப்படியோ வெந்துரும்ங்க."

"தறி?"

"அது எப்படியோ ஓடிரும்."

சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஓசியில் ஏறிய ஆளைக் கண்டுபிடிக்கிற பார்வை. எல்லார் முகத்திலும் டிக்கெட் இருந்தது. "செரி," என்றார், "திங்கக்கெழம போலாம்."

அந்த "செரி" கொஞ்சம் இழுத்தது. அப்பாவின் குரலில் எந்த நூல் எங்கே தளர்கிறது என்று மோனிஷாவுக்குத் தெரியும்: அப்பா கூட வருவார், பையில் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு வருவார், ஆனால் மலையடிவாரம் வரைக்கும் வரமாட்டார். நாலுவழிச் சாலையில், நீரூற்று வாசலில், வா அம்மிணி என்று கையைப் பிடித்து இறக்கிவிடுவார். அந்தக் கல்லூரியிலும் சேர்வதற்குத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். பல்கலைக்கழகத்திலும் அதுதான் கடைசி நாள்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டுத் தன் வண்டியிலேயே பயணியாக ஏறினார். டிரைவர் அர்த்தநாரி அவரோடு பல வருஷம் ஓட்டியவர். வண்டி நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், நிச்சயதார்த்தத் தட்டுகளோடு ஒரு குடும்பம், மலையடிவாரத்துச் செடி நர்சரிக்கு வேலைக்குப் போகிற பெண்கள். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மோனிஷா அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். கல்லூரியின் கண்ணாடிச் சுவர் தூரத்தில் பளபளத்ததும் அப்பா இறங்குவதற்குத் தோதாகச் செருப்பை மாட்டினார். மோனிஷா துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு மெல்ல இருமினாள், டீசல் குடித்த இருமல்.

செல்வநாயகி இருமியது. தலையை ஆட்டியது. நின்றது.

அர்த்தநாரி சாவியைத் திருகினார், இறங்கிப் பார்த்தார், ஏறி வந்தார். "ஒண்ணும் ஆகல. ஆனா வரமாட்டீங்குது."

"நடந்தே போயிரலாம் வா," என்று அப்பா எழுந்தார்.

"ஏனுங்ப்பா வெயில்ல? நான் ஓட்டறேன்," என்றாள் மோனிஷா. அவள் பாவடித் தெரு விசில்காரி என்று வண்டியில் பாதிப் பேருக்குத் தெரியும். தட்டுகளை ஒதுக்கி வைத்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் போய் நின்று, எருமை மாதிரி அலறினாள்.

செல்வநாயகி வெட்கத்தால் ஒரு அங்குலம் பின்வாங்கியது.

"என்ன புள்ள பண்ற," என்றார் சென்னியப்பன். "இதுவா செல்வநாயகி?"

அவள் தையல் மிஷின் மாதிரி ஓட்டினாள். வண்டியின் ஜன்னல் கண்ணாடி மட்டும் நடுங்கியது.

"அய்ய. மானத்த வாங்காத. இத்தன வருசம் இதுல நின்னுருக்கறேன், என்ற வண்டிய எனக்கு முன்னாடியே இப்படிக் கேவலப்படுத்தற. எடுத்த உடனே இது கத்தாது. அடிவயித்துல இருந்து வரும். ட்ர்ர்… பாத்தியா… ட்ர்ர்ர்… அப்பறம் ஃபர்ஸ்ட் கியர், ட்ர்ர்ர்ர்ரூம்…"

செல்வநாயகி கிளம்பியது. அர்த்தநாரி அலட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "அப்படியே செகண்டுக்கு வாங்ணா," என்றார்.

சென்னியப்பன் செகண்டுக்கு வந்தார். திகைத்தார், ஆனால் வந்தார். ஏனென்றால் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தேர்டில் கல்லூரியின் நீரூற்று நெருங்கியது. நிறுத்து என்று சொல்ல வாயைச் சத்தத்திலிருந்து எடுத்தார். அது ஏற்றம், வண்டி நின்று பின்னால் உருள ஆரம்பித்தது, நிச்சயதார்த்தத் தட்டிலிருந்து ஆப்பிள்கள் ஓடின.

"அண்ணா, விட்டுராதீங்ணா," என்றார் அர்த்தநாரி.

"நீங்க எறங்கிட்டா நாங்க எப்படிங்க போறது?" என்றாள் நர்சரிக்குப் போகிற ஒருத்தி. "உங்களுக்குத்தான் இது வருதே."

"எனக்கு டாக்டரு பதினோரு மணிக்குங்க," என்றார் ஆஸ்பத்திரிக்காரர். "எங்கள விட்டுட்டுப் போனா நல்லாருக்குமா?"

ஏற்றிய ஆளை வழியில் விட்டுவிட்டுப் போகிற கண்டக்டர் இல்லை சென்னியப்பன். இத்தனை வருஷத்தில் ஒருத்தரையும் விட்டதில்லை. வாயைக் குவித்தார், ட்ர்ர்ர்ர்ர், வண்டி ஏற்றத்தில் ஏறியது. கல்லூரி வாசல் வந்தது. அவர் கண்ணை விரித்து, ரெண்டு கையையும் நீட்டி, அந்தக் கண்ணாடிச் சுவரைக் காட்டிக் காட்டித் தவித்தார், வாய் மட்டும் எஞ்சினிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார்கள்.

"எவ்வளவு பெரிய காலேஜ்னு காட்டறாருங்க," என்றாள் மோனிஷா. "இந்தப் பக்கம் உக்காந்தவங்களும் பாத்துக்குங்க."

வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். நீரூற்று பின்னால் போனது. சென்னியப்பன் கழுத்தைத் திருப்பி அது புள்ளியாகும் வரை பார்த்தார், அப்புறம் முன்னால் திரும்பினார், வேறென்ன செய்வது, டாப் கியர் போட்டார்.

அதற்கப்புறம் அவருக்குள் ஏதோ நடந்தது. சாலை இறக்கமாயிற்று, பக்கத்தில் போட்டிக் கம்பெனி வண்டி ஒன்று உரசிக்கொண்டு முந்தப் பார்த்தது, அந்த வண்டி தினமும் இவருடைய பயணிகளை நிறுத்தத்தில் அள்ளிக்கொண்டு போகிற வண்டி. சென்னியப்பன் எழுந்து நின்றார். தொண்டையின் அடியிலிருந்து ஒரு உறுமல், அதன் மேல் செல்வநாயகியின் நாலு சுர ஹாரன், ரெண்டையும் ஒரே வாயில் எப்படிச் செய்தார் என்று மோனிஷாவுக்கே புரியவில்லை. இவ்வளவு நாள் ரைட், போலாம், உள்ள போ, சில்லறை குடு என்கிற நாலைந்து வார்த்தைக்குள் மடித்து வைத்திருந்த குரல் முழுசாகப் பிரிந்து விரிந்தது. போட்டி வண்டி பின்னால் சுருங்கிப் போனது, ஆஸ்பத்திரிக்காரர் விசிலடித்தார், நிச்சயதார்த்த வீட்டார் தட்டிலிருந்த லட்டை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் யாரும் ஊட்டவில்லை, வண்டி நின்றுவிடும். வேப்பமரங்கள், செங்கல் சூளை, கரும்பாலை, மலை கண்ணாடிக்குள் வளர்ந்துகொண்டே வந்தது.

கடைசி நிறுத்தத்தில் அவர் காற்று பிரேக்கைப் போட்டார். புஸ்ஸ்ஸ்ஸ். எல்லாரும் தினமும் இறங்குகிற மாதிரி இறங்கினார்கள், நன்றிங்ணா, வரட்டுங்களா, சாயங்காலம் இதே வண்டிக்கு வருவீங்களா என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

சென்னியப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். பல்கலைக்கழக வளைவு. அதிலிருந்த எழுத்துகளை உதடு அசைய ஒருமுறை படித்தார். மகளைப் பார்த்தார். அவள் கழுத்தில் மஃப்ளர் இல்லை.

"தொண்டை எப்படி இருக்குது?"

"நல்லாருக்குங்ப்பா." குரல் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவர் யோசித்தார். ஷெட்டில் தூங்குகிற செல்வநாயகியின் குறட்டையைக்கூடச் செய்கிறவள், எருமை மாதிரி ஏன் அலறினாள்? குழந்தைவேலின் உதட்டில் ஏன் வெண்ணெய்? பட்டப்பகலில் ஈஸ்வரி வீட்டுக் கதவு ஏன் சாத்தியிருந்தது? ஒவ்வொன்றாகக் கிழித்துக் கையில் கொடுத்த மாதிரி வந்து சேர்ந்தது.

"தெரு பூராவும் இப்படித்தானா?"

"ஆமாங்ப்பா."

"நான் எறங்கப் போற எடம் தெரியுமா உனக்கு?"

"செரி-ங்கறத இழுத்தீங்க. அப்பவே தெரியும்."

அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். நல்ல வண்டி, நேற்றுத்தான் சர்வீஸ் விட்டது. "அப்ப… நடுவுல நின்னதும்…"

மோனிஷா துப்பட்டாவை வாயில் வைத்து மெல்ல இருமினாள். அவர்களுக்குப் பின்னால், அணைத்து நிறுத்தியிருந்த செல்வநாயகி, மெல்ல இருமியது.

சென்னியப்பன் அவளை முறைத்தார். முறைத்தபடியே ஃபைலை எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கும்போது அவர் தோள் ஒருமுறை குலுங்கியது, குளிர்ந்த காலையில் பிடிக்காத செல்ஃப் ஸ்டார்ட்டர் மாதிரி, மறுபடி குலுங்கியது, மூக்கில் ஏதோ விம்மிப் புடைத்தது, அண்ணத்தில் முட்டியது, பல்லுக்குப் பின்னால் நின்று வழி கேட்டது, பிறகு அத்தனை வருஷமும் டிக்கெட் இல்லாமல் உள்ளே ஒளிந்திருந்தது மொத்தமாகக் கதவை உடைத்துக்கொண்டு இறங்கியது. அவர் வளைவுத் தூணைப் பிடித்துக்கொண்டார், டிரைவர் அர்த்தநாரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார், வளைவின் மேலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. நாக்கு எங்கே மடிகிறது, உதடு எப்போது விரிகிறது, எது வயிற்றில் பிறக்கிறது, எது மூக்கில் முடிகிறது என்று, ஆயிரம் குரல் உள்ளவள் தன் வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்.